பச்சை மனிதனுக்குக் கூட்டிய பத்து நொடி

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சந்திப்பில் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. மூத்தோர் அட்டையைக் கம்பத்திலுள்ள பெட்டியில் காட்டினால், பாதசாரி விளக்கிலுள்ள பச்சை மனிதன் நமக்காகச் சில நொடிகள் கூடுதலாக நிற்கிறான். முதல்முறை அட்டையைக் காட்டியபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அந்தப் பச்சை மனிதனை எத்தனை நொடி நிறுத்துவது என்று கணக்குப் போட்டே சம்பளம் வாங்கியவன் நான். இப்போது அவனிடமே தயவு கேட்டு நிற்கிறேன். பக்கத்தில் யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

போக்குவரத்து விளக்குகளைக் கவனிக்கும் எங்கள் பழைய பிரிவில் இப்போது வேலை செய்யும் ஷர்மிளா என்ற பெண்ணிடம் இதைப் போனில் சொல்லிச் சிரித்தேன். அவள் விடவில்லை. "அங்கிள், கம்ப்யூட்டர் இல்லாம அந்தக் காலத்துல எப்படித்தான் செஞ்சீங்க? ஒரு பேஜ் எழுதிக் குடுங்களேன், எங்க புதுப் பசங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும் லா" என்றாள். ஒரு பக்கத்தில் எனக்கு மூச்சு விடவே இடம் போதாது. என் போக்கில் எழுதியிருக்கிறேன். வெட்டுவது அவள் பாடு.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பள்ளிப்படிப்பு முடித்து, தொழிற்கல்வி முடித்து, கொஞ்சநாள் கப்பல் பட்டறையில் கம்பி இழுத்துவிட்டு இங்கே வந்தேன். முதல் இரண்டு வருடம் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். பல்பு மாற்றினேன், கண்ணாடி துடைத்தேன், மழையில் நனைந்த இணைப்புகளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். சந்திப்பின் ஓரத்தில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அதற்குள் ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பற்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அதற்கேற்ப விளக்குகள் மாறும். பெட்டியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது கரப்பான்பூச்சிகள்தான். அவை வெளியேறக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுவோம். பயிற்சி என்றால் இவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் என்னை நேரக் கணக்குப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேதான் காதர் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

காதர் சாரின் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்தது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் படித்து அரசாங்க வேலைக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, முழங்கைவரை அளந்து மடித்த கை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. யாரையும் அவர் 'நீ' என்று அழைத்து நான் கேட்டதில்லை. பெருக்க வரும் அம்மாவுக்கும் 'நீங்க'தான். சத்தம் போடமாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நம் தாளில் தப்பு இருந்தால் அதை மேசையில் நம் பக்கம் திருப்பி வைப்பார். சிவப்புப் பென்சிலை அதன்மேல் குறுக்காக வைப்பார். பிறகு வேறு வேலையைப் பார்ப்பார். எந்த இடத்தில் தப்பு என்று சொல்லமாட்டார். நாமே தேட வேண்டும். நான் ஒருமுறை பகல் சாப்பாட்டைத் தவறவிட்டுத் தேடியிருக்கிறேன், கடைசியில் பார்த்தால் ஒரு தசமப் புள்ளி.

வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் பின்னால் வரும் கதை புரியும். பாதசாரி விளக்கில் மூன்று நிலை உண்டு. பச்சை நிலையாக நின்றால் நீங்கள் சாலையில் இறங்கலாம். பச்சை மினுக்கத் தொடங்கினால் இறங்கியவர்கள் முடித்துக்கொள்ளலாம், இறங்காதவர்கள் இறங்கக்கூடாது. சிவப்பென்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மினுக்கும் நேரத்துக்குத்தான் கணக்கு. சாலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை டேப் பிடித்து அளப்போம். அந்த அகலத்தை மனிதரின் நடைவேகத்தால் வகுத்தால் நொடி வந்துவிடும். நடைவேகத்தை எங்கே எடுத்தோம்? அலுவலகத்துக்குப் பக்கத்தில், வங்கிகள் இருக்கும் தெருவில், மதிய இடைவேளையில். கழுத்துப்பட்டையும் குதிகால் உயர்ந்த செருப்புமாக, சாப்பிட அரைமணி நேரமே இருக்கும் ஜனங்கள் போகும் வேகம் அது. அந்த வேகத்தைத்தான் ஊர் முழுவதற்கும் வைத்துக்கொண்டோம். அன்றைக்கு அது எனக்குத் துளியும் விநோதமாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு அருகே ஒரு சந்திப்புக்கு நான் தனியாகக் கணக்கு எழுதினேன். எந்தச் சந்திப்பு என்று சொல்லப்போவதில்லை, இப்போது அதன் உருவமே மாறிவிட்டது. ஒருபக்கம் கடைவீடுகள், எதிர்ப்பக்கம் சந்தைக்குப் போகும் வழி. மூன்று நாள் அங்கே நின்று ஆட்களை எண்ணினேன். கையில் அழுத்தினால் எண் ஓடும் சின்னக் கருவி, கழுத்தில் நிறுத்துக் கடிகாரம், தேநீர்க் கடைக்காரர் தயவில் ஒரு முக்காலி. நிலைப் பச்சை ஆறு நொடி, மினுக்குவது பன்னிரண்டு நொடி என்று எழுதினேன். காதர் சார் பார்த்தார், கையெழுத்திட்டார். சிவப்புப் பென்சில் வரவில்லை. அன்று நான் வீட்டுக்கு மட்டன் வாங்கிக்கொண்டு போனேன்.

சில மாதம் கழித்துப் போலீசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தச் சந்திப்பில் இடதுபக்கம் திரும்பிய காய்கறி லாரி ஒன்று ஒரு மூதாட்டியை இடித்துவிட்டது. லாரி மெதுவாகத்தான் வந்திருக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடி தோளில் பட்டு, அந்த அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. லாரிக்காரர் தாமே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். தனக்குப் பச்சை இருந்தது, பாதசாரிக்குச் சிவப்பு விழுந்துவிட்டது என்பது அவர் வாக்குமூலம். அம்மாவோ, நான் பச்சையில்தான் கிளம்பினேன் என்று அடித்துச் சொல்கிறார். விளக்கில் கோளாறு உண்டா என்று போலீஸ் கேட்டிருந்தது.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து, சக்கரத்தின் இருபது சுற்றைக் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தேன். அரை நொடிகூடப் பிசகில்லை. 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இன்று ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு இரண்டு ஞாயிறு கழித்து எங்கள் பங்கு மாதாகோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். வாசலில் ஒரு அம்மா, வலது கையைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மகன். அவர்களும் குவீன்ஸ்டவுன்தான், எங்களுக்கு மூன்று புளோக் தள்ளி. யாரோ என்னைக் காட்டி, "இவருதான் டிராபிக் லைட் ஆபீஸ்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஓகோ! எனக்குச் சிவப்பு போட்டது நீங்கதானா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவர் பெயர் ஞானம்மா. வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தேக்காவில் ஒரு தையல்காரருக்காக ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, புடவைக்கு ஓரம் அடிப்பது என்று பல வருடமாகச் செய்து வந்தவர். கடைக்கு வெளியே அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில், அவருடைய தையல் இயந்திரம் இருந்தது. தேக்கா பக்கத்திலேயே குடியிருந்தவர், மகனுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்ததும் குவீன்ஸ்டவுனுக்கு வந்தார். அதன் பிறகும் தினம் பஸ் ஏறித் தேக்காவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

"போலீஸ் லெட்டர் வந்திருக்கு சார்" என்றார் மகன் ராஜு. பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா, நல்ல மனிதர், முகத்தில் தூக்கமில்லை. "அம்மா சிவப்புல கடந்தாங்களாம். வார்னிங் குடுத்திருக்காங்க. இந்தத் தடவ கை. அடுத்த தடவ? போதும்மா, வீட்ல இருங்கன்னு சொல்லிட்டேன்."

"சிவப்புல நான் ஏன்டா போறேன்? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்றார் ஞானம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, கடைக்கு முன்னாடிதான் நின்னேன். பச்ச ஆளு வந்தான், நான் கிளம்பினேன். இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. இவன் உங்க பேச்சக் கேப்பான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நானோ கோயில் வாசலிலேயே விசாரணை நடத்தினேன்.

"ரோட்டுல கால் வைக்கும்போது பச்ச மினுக்கிச்சாம்மா, நின்னுச்சா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "மினுக்கிச்சு. ஆனா நான் கிளம்பினது..."

"மினுக்கினா இறங்கக்கூடாதும்மா. அதுதான் ரூல். தப்பு உங்க மேலதான்."

ராஜு தலையை ஆட்டினார். "நான் சொல்லல?" என்று அம்மாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். ஞானம்மா நல்ல கையால் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் இதை வேடிக்கையாகத்தான் காதர் சாரிடம் சொன்னேன். 'எனக்குச் சிவப்பு போட்டது நீங்கதானா' என்று அந்த அம்மா கேட்டதைச் சொல்லி நானே சிரித்தேன். சார் சிரிக்கவில்லை.

"அவங்க எங்க நின்னாங்களாம்?"

"கடைக்கு முன்னாடி சார்."

"ஓரத்துலயா, அஞ்சடியிலயா?"

"அஞ்சடியிலதான் நின்னிருப்பாங்க. ஓரத்துல வெயில்ல யாரு நிப்பா?"

சார் அலமாரியிலிருந்து அந்தச் சந்திப்பின் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார். "செபஸ்தி, நீங்க எண்ணினீங்களே, அப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

தேநீர்க் கடைக்காரர் கொடுத்த முக்காலி எங்கே இருந்தது? அதே அஞ்சடியில், அதே நிழலில். மூன்று நாளும் அந்த ஜனங்களோடு தோளோடு தோளாக இருந்துதான் நானும் எண்ணினேன். சாலையின் விளிம்பில் ஒரு ஆள்கூட நிற்கவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. ஏனென்றால் நானும் நிற்கவில்லை. டேப்பை மட்டும் விளிம்பிலிருந்து பிடித்தேன்.

சார் கோப்பைத் திறந்து என் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். சிவப்புப் பென்சிலைக் குறுக்காக வைத்தார். ஆனால் இந்தமுறை வேறு வேலைக்குப் போகவில்லை. பென்சிலைத் தாமே எடுத்து, தாளின் அடியில் இருந்த தம் கையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இது என்னுது" என்றார். "குடைய எடுத்துக்கிறேன், வாங்க."

அன்று போய் நின்று பார்த்தபோது எல்லாம் பட்டப்பகலில் கிடந்தது. பச்சை விழுகிறது. நிழலில் நிற்கும் கூட்டம் அசைகிறது. முதலில் அஞ்சடியின் படி, பெரியவர்கள் தூணைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். பிறகு சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை. அதன் அகலத்துக்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். பலகைக்கு அப்புறம் எவனாவது நிறுத்தியிருக்கும் தள்ளுவண்டி, அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அப்புறம்தான் சாலையின் விளிம்பு. வாலிபர்கள் நான்கு நொடியில் வந்துவிடுகிறார்கள். கூடை சுமந்த பெண்களுக்கு ஆறு, ஏழு. வயதானவர்களுக்கு எட்டு. நான் கொடுத்த நிலைப் பச்சையே ஆறுதான். பச்சையைப் பார்த்துக் கிளம்பும் ஒரு கிழவர் விளிம்புக்கு வரும்போது அது மினுக்கத் தொடங்கியிருக்கும். கிளம்பிவிட்டோமே என்று அவர் இறங்கிவிடுவார். பாதி தூரத்தில் சிவப்பு. சட்டப்படி அவர் குற்றவாளி. அவரைக் குற்றவாளி ஆக்கியது என் தாள்.

ஞானம்மா சொன்னதும் உண்மை, லாரிக்காரர் சொன்னதும் உண்மை. பொய் சொன்னது 'கோளாறு எதுவும் இல்லை' என்ற என் வரி மட்டும்தான்.

"மூணு நாள் மறுபடி எண்ணிடறேன் சார்" என்றேன்.

"எண்ண வேணாம். யார் யார் எங்க நிக்கிறாங்கன்னு மட்டும் குறிங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் நான் அஞ்சடித் தரையில் குந்தி, காத்து நின்றவர்களின் செருப்பைச் சுற்றிக் கோடு போட்டேன். தையல்காரர், மளிகைக்காரர், தேநீர்க் கடைக்காரர் எல்லாருக்கும் அந்த மூன்று நாளும் நான்தான் பொழுதுபோக்கு.

"என்ன சார், பொங்கல் இன்னும் வரலையே, அதுக்குள்ள கோலமா?" என்றார் மளிகைக்காரர்.

"அரசாங்கக் கோலம்ணே" என்றேன்.

"அப்ப நல்லாப் பெரிசாப் போடுங்க, வரிப்பணம் தானே."

காலையில் குறிகள் ஒரு தூணின் பக்கம் குவிந்தன. வெயில் நகர நகர ஜனங்களும் நகர்ந்தார்கள், என் குறிகளும் அவர்களோடு நகர்ந்தன. மாலைக்குள் தரை முழுவதும் பாதங்கள். சாலை விளிம்பில் மொத்தம் நான்கோ ஐந்தோ குறிகள்தான் விழுந்தன. அதில் இரண்டு ஒரே சீனப் பையனுடையவை, அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். தையல் கடையின் முன்னால் ஒரு இயந்திரம் பழைய புடவையால் மூடிக் கிடந்தது. தையல்காரரிடம் கேட்டேன். "ஞானம்மாக்கா மெஷினு. வேற ஆளு கேக்குறாங்க, குடுக்க மனசு வரல. வருவாங்களா சார்?" என்றார். அன்று மாலை ராஜு வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாவது மாடி. ஞானம்மா தாழ்வாரத்துத் தடுப்புச் சுவரில் கையூன்றிக் கீழே பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று. கதவுக்கு உள்ளே தொங்கிய நாள்காட்டிக்குப் பின்னால் போலீஸ் கடிதம் செருகியிருந்தது. அம்மா மறுபடி வெளியே போகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் ராஜு அதை எடுத்துக் காட்டுவாராம்.

"தப்பு என்னுது" என்று நான் சொன்னேன். நிழல், படி, பலகை, நொடி எல்லாவற்றையும் விளக்கினேன். ராஜு கவனமாகக் கேட்டார். மரியாதையாகக் காப்பி கொடுத்தார். கடைசியில் சொன்னார். "சார், நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க. ஆனா அன்னிக்கிக் கோயில்ல வேற சொன்னீங்க. போலீஸ் லெட்டர் ஒண்ணு சொல்லுது. நான் எத நம்புறது? எனக்கு இருக்கிறது ஒரு அம்மா."

அவர் கேட்டது நியாயம்தான்.

"நீ நம்பாட்டிப் பரவால்ல" என்றார் ஞானம்மா, தாழ்வாரத்திலிருந்தே. "நான் பச்சையிலதான் கிளம்பினேன்னு இவராச்சும் சொன்னாரே. அது போதும் எனக்கு." ஆனால் அது போதவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. வீட்டுக்குள் வராமல் பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதர் சார் போலீசுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எங்கள் கணக்கில் குறை, அம்மா மீதான எச்சரிக்கையை மறுபடி பார்க்க வேண்டும் என்று. பதில் இரண்டே வரி. கவனத்தில் கொள்ளப்பட்டது என்றார்கள். எச்சரிக்கை அப்படியே இருந்தது. அவர்களுக்கு மினுக்கல் மினுக்கல்தான், அவர்கள் சட்டத்தில் சாக்கடைப் பலகைக்கு இடமில்லை.

எங்கள் பிரிவிலும் எளிதாக நடக்கவில்லை. சாரின் மேலதிகாரிக்கு வண்டிகள்மேல்தான் கண். பாதசாரிக்குக் கூட்டினால் வண்டிக்குக் குறையும், வரிசை நீளும் என்றார். சார் என் சாக்பீஸ் குறிகளை வரைபடமாக்கி எடுத்துப்போனார். நிழலிலிருந்து எதிர் விளிம்புவரை, மிக மெதுவாக நடக்கும் ஒரு வயதானவருக்கு இருபத்துநான்கு நொடி ஆகிறது, நாம் கொடுப்பது பதினெட்டு. ஆறு நொடி குறைகிறது. "பத்துன்னு கேப்போம் செபஸ்தி. தேக்காவுல பொருள் வாங்குறதில்லையா? கேக்கும்போது கூடக் கேட்டாத்தான் வேண்டியது வரும்" என்றார். அவர் குறும்பாகப் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான். மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். அவ்வளவு பாதங்களையும் பார்த்தார். பேரமே பேசாமல் பத்துக்கும் கையெழுத்திட்டுவிட்டார். வெளியே வந்தபோது பன்னிரண்டு கேட்டிருக்கலாமோ என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது.

பெட்டியைத் திறந்து, நிலைப் பச்சைக்கு ஐந்து நொடியும் மினுக்குவதற்கு ஐந்து நொடியும் கூடும்படி நானே பற்களை மாற்றி வைத்தேன். அன்றே ராஜுவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். "கடுதாசி வேணாம் ராஜு. ஒரு காலையில அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க கடக்கட்டும், நீங்க பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்." அவர் வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போடுவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி வெயில். காதர் சாரும் நானும் ராஜுவும் சந்தைப் பக்கத்து விளிம்பில் நின்றோம். சார் குடையை எங்கள் மூவருக்கும் சேர்த்துப் பிடித்தார். ஞானம்மாவை எதிர்ப்பக்கம் அஞ்சடியில் விட்டுவிட்டு ராஜு கடந்து வந்திருந்தார். என் கையில் நிறுத்துக் கடிகாரம் இரண்டுமுறை வழுக்கியது. கணக்கு சரியென்று எனக்குத் தெரியும். முன்பும் சரியென்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

பச்சை விழுந்தது. கடிகாரத்தை அழுத்தினேன். ஞானம்மா தூணைப் பிடித்துப் படியிறங்கினார். பலகைக்கு முன் ஒரு பெண் குழந்தையோடு நின்றாள், அவளை முதலில் போகவிட்டார். பலகையைத் தாண்டி, தள்ளுவண்டியைச் சுற்றி, விளிம்புக்கு வந்தார். ஒன்பது நொடி. பச்சை இன்னும் நிலையாக நின்றது. சாலையில் கால் வைத்தார்.

இடப்பக்கம் திரும்ப ஒரு லாரி வந்து நின்றது. ராஜு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பச்சை மினுக்கத் தொடங்கியது. ஞானம்மா சாலையின் நடுவுக்கு வந்தார், வந்தவர் அங்கே நின்றுவிட்டார். இன்னும் முழுதாகக் குணமாகாத கை வலித்திருக்க வேண்டும். துணிப்பையை அந்தக் கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அதன் காதுகள் முறுக்கிக்கொண்டிருந்தன, அவற்றை நிதானமாகப் பிரித்துவிட்டார். முந்தானையைச் சரிசெய்தார்.

"அம்மா! ஓடி வாங்க! ஓடுங்கம்மா!" என்று ராஜு கத்தினார்.

ஞானம்மா விளக்கைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். லாரிக்காரர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா காத்திருந்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"எதுக்குடா ஓடணும்?" என்றார், நடுச்சாலையிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி.

நடந்துதான் வந்தார். அவர் எங்கள் பக்கத்து விளிம்பில் ஏறியபோது பச்சை இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். காதர் சார் முகத்தைக் குடையின் பின்னால் திருப்பிக்கொண்டார். ராஜு பையை வாங்கக் கையை நீட்டினார். ஞானம்மா கொடுக்கவில்லை. மகனின் கன்னத்தை ஒருமுறை தட்டினார்.

"நீ வேலைக்குப் போ" என்றார். "எனக்கு மார்க்கெட்ல கொக்கி வாங்கணும், அப்புறம் கடைக்குப் போகணும். சாயங்காலம் நானா பஸ்ல வந்துக்கிறேன்."